சாகிற செல்லைப் பார்க்கிற உத்தியோகம்

ஆராய்ச்சி மாணவி என்றால் மாணவியும் இல்லை, உத்தியோகக்காரியும் இல்லை; இரண்டு பேரும் வாங்குகிற திட்டு மட்டும் சேர்ந்து கிடைக்கும். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நான் பார்த்த வேலை அது. நுண்ணோக்கியில் முகத்தைப் புதைத்துப் புதைத்து மூக்குக்கு மேலே இரண்டு பக்கமும் தடம் விழுந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் மேலே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அதில் புரதங்கள் மிதந்துகொண்டு அங்கும் இங்கும் நகரும். சில புரதங்களை உள்ளேயிருந்து ஒரு கூடு இழுத்துப் பிடித்திருக்கும். செல் சாகத் தொடங்கும்போது இந்த நகர்வு என்ன ஆகிறது, கூடுகிறதா, குறைகிறதா என்பதுதான் என் கேள்வி. புரதத்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, செல்லில் ஒரு புள்ளியில் மட்டும் பலமான வெளிச்சத்தை அடித்தால் அந்த இடத்துச் சாயம் வெளுத்துப்போகும். பக்கத்திலிருக்கும் புரதங்கள் நகர்ந்து வந்து அந்த வெளுத்த இடத்தை நிரப்பும். எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். நான்கு வரியில் சொல்லிவிட்டேன், செய்ய வருடக்கணக்கில் ஆனது.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரை நாங்கள் சார் என்றே சொல்வோம். வெளிநாட்டில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, அங்கே ஓரங்கட்டிய ஒரு நுண்ணோக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். அவர் அடுத்த வருடம் மே மாதம் ஓய்வு பெறுகிறார் என்ற நிலையில்தான் இந்தக் கதைகள் நடக்கின்றன. அதற்குள் நான் ஆய்வேட்டைக் கொடுத்து வாய்மொழித் தேர்வை முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேறு வழிகாட்டி, வேறு தலைப்பு, மறுபடியும் முதலிலிருந்து. சாருக்கும் நான்தான் கடைசி மாணவி. அவர் இருபது வருடமாக மனதில் வைத்திருந்த கேள்விக்கு என் கையில்தான் பதில் வர வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஹராம்

செல்லுக்கு எங்கே போவது என்பது முதல் பிரச்சினை. பெரிய ஊர்களில் வெள்ளெலி வளர்ப்பார்கள். எங்களுக்குச் சாரின் ஸ்கூட்டரை நிறுத்தவே இடமில்லை. ஆட்டு ரத்தத்தில் வெள்ளணுக்கள் இருக்கின்றன, ஆடு தினமும் வெட்டுகிறார்கள், போய் வாங்கி வா என்றார் சார். நான் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண். வீட்டில் காப்பி கொண்டு போகும் பச்சை பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மேலப்பாளையத்தில் காசிம் பாய் கறிக்கடை முன்னால் போய் நின்றேன்.

ரத்தம் உறையாமல் இருக்க உள்ளே ஒரு மருந்து ஊற்றியிருக்கிறேன், பிடித்ததும் பைய ஆட்ட வேண்டும், குலுக்கக் கூடாது என்று பாடம் நடத்தினேன். பாய் பொறுமையாகக் கேட்டார், சொன்னபடியே பிடித்துக் கொடுத்தார். எவ்வளவு தர வேண்டும் என்று பர்ஸைத் திறந்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"ரத்தத்த வித்துத் திங்கது எங்களுக்கு ஹராம் தாயி. படிப்புக்குத்தான, சும்மா கொண்டு போ. கறி வேணும்னா சொல்லு, அதுக்குக் காசு வாங்கிக்கிடுதேன்."

முன் சீட்டு

மேலப்பாளையத்திலிருந்து கல்லூரிக்குப் பஸ்ஸில்தான் வர வேண்டும். காலை நேரத்தில் கால் வைக்க இடமிருக்காது. பிளாஸ்க் ஆடாமல் இருக்க அதை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்த அம்மாளின் கைக்குழந்தை அழுது ஊரைக் கூட்டியது. அவர் என் பிளாஸ்க்கைப் பார்த்தார், பால்தானே, ஒரு வாய் கிடைக்குமா என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆட்டு ரத்தம் என்று சொன்னேன்.

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் என்னைச் சுற்றி இரண்டு வரிசை காலியாகிவிட்டது. அவ்வளவு நெரிசலிலும் எப்படித்தான் பின்னால் போய் அடைந்தார்களோ தெரியாது. கண்டக்டர் தம்பி மட்டும் நிம்மதியாக எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"யக்கா, நாளைக்கும் இந்த வண்டிக்கே வந்துருங்க. நானும் ஒரு நாளாவது உக்காந்துட்டு வருதேன்."

பெண் பார்க்க வந்தவர்கள்

பச்சை பிளாஸ்க் எதற்குப் பயன்படுகிறது என்று தெரிந்த நாளில் அம்மா அதைத் தலைமுழுகினாள். என்னையும் தலைமுழுக வைத்தாள். ஆய்வகத்திலிருந்து வந்தால் புறவாசல் வழியாக வந்து குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் நுழையலாம் என்று சட்டம் வந்தது. அப்பா நடுவில் பேசப் போய், அவருக்கு அன்று காப்பி தாமதமானதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அம்மா, பிள்ளை என்ன படிக்கா என்று பிரியமாகக் கேட்டார். செல் உயிரியல் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்திருக்கலாம். கேட்கிறவர் கிடைத்தால் விடுகிற வழக்கம் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இல்லையே. செல் எப்படிச் சாகும், சாகும்போது மேலே என்ன நடக்கும், உள்ளே கூடு எப்படி அறுபடும், கடைசியில் குமிழ் குமிழாக எப்படி உடைந்துபோகும் என்று கையை அசைத்து அசைத்துச் சொன்னேன். அவர் தட்டிலிருந்த கேசரியைத் தொடாமல் கீழே வைத்தார். அவர்கள் போன பிறகு அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, உலகத்துல உசிரோட இருக்கிற செல்லே ஒனக்குக் கிடைக்கலயா?"

விளக்கு

எங்கள் நுண்ணோக்கியின் உயிர் அதன் பாதரச விளக்கில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய விளக்கு. எரிகிற நேரத்துக்கு அதற்கென்று ஒரு ஆயுள் உண்டு, அதற்கு மேல் எரித்தால் வெடிக்கும். ஒரு தடவை அணைந்தால் முழுக்க ஆறும்வரை மறுபடி ஏற்றவும் கூடாது. அதனால் சார் விளக்கை மிகவும் சிக்கனமாகச் செலவழிப்பார். உயிருள்ள செல்களைக் காலையில் வந்ததும் பார்த்து முடித்துவிட வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, மிச்ச செல்களுக்குச் சாகடிக்கும் மருந்தைச் சேர்த்து வைக்க வேண்டும். அவை மத்தியானத்துக்கு மேல்தான் சாகத் தொடங்கும். அப்போது மறுபடி விளக்கை ஏற்றி, சாகிறவற்றைப் பார்க்க வேண்டும். காலையில் உயிர், மத்தியானம் சாவு. எங்கள் கால அட்டவணை அதுதான், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்கள் சரியாகச் சாகத் தொடங்கும் நேரம் பார்த்து மின்சாரம் போகும். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி அடைத்த அறை. மின்விசிறியும் நின்றுபோனால் உள்ளே இருக்க முடியாது. நானும் உதவியாளர் செல்லையாண்ணனும் வெளி வராந்தாவில் வந்து நின்று விசிறிக்கொள்வோம். உள்ளே செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன, ஒன்றையும் பார்க்க முடியவில்லை, ஒரு நாள் வேலை வீண் என்று நான் ஒரு நாள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். செல்லையாண்ணன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

"கரண்டு வாரது வரைக்கும் அதுகளக் கொஞ்சம் பொறுத்துக்கிடச் சொல்லுங்கம்மா."

ஓடுது பாத்தியா

இத்தனைக்கும் நடுவில் பதில் வந்துவிட்டது. சாகத் தொடங்கிய செல்லில் புரதங்கள் வேகமாக நகர்ந்தன. கொஞ்ச நஞ்சமில்லை, வெளுத்த புள்ளி கண் முன்னால் நிரம்பியது. காலையில் உயிருள்ள செல்லில் நிதானமாக நிரம்பியது, மத்தியானம் சாகிற செல்லில் ஓடி வந்து நிரம்பியது. முதலில் நான் நம்பவில்லை. மறுபடி மறுபடி செய்தேன். பங்குனி, சித்திரை, வைகாசி என்று கோடை முழுக்க ஒரே மாதிரி வந்தது.

சார் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் எப்போதும் சொல்லிவந்தது இதுதான். கூடு உடைந்தால் கட்டு அறும், கட்டு அறுந்தால் புரதம் ஓடும். வெளிநாட்டில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லையாம். அன்று வண்ணார்பேட்டைக்குத் தானே ஸ்கூட்டரில் போய் அல்வா வாங்கி வந்து துறை முழுக்கக் கொடுத்தார். சர்க்கரை வியாதிக்காரர், தானும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"சாகப் போற நேரத்துல என்னமா ஓடுது பாத்தியாம்மா. நான் சொன்னப்ப சிரிச்சாவ, இப்ப வந்து பாக்கச் சொல்லு."

மழை

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆறு பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது, கறுப்புத் துணி அடைத்த எங்கள் அறையில்கூட முதன்முதலாகக் குளிர் தெரிந்தது. ஆய்வேட்டை எழுதத் தொடங்கும் முன் கடைசியாக ஒரு தடவை செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் சாகிற செல்களில் புரதங்கள் ஓடவில்லை, நடந்தன. சாயம் பழசாகிவிட்டதோ என்று புதுச் சாயம் கரைத்தேன். மருந்தை மாற்றினேன். மழை விட்டு வெயில் அடித்த நாளில் மறுபடி ஓடின. மறுநாள் மழை, மறுபடி நடந்தன.

அடுத்த வெயில் நாளில், மருந்தே சேர்க்காத உயிருள்ள செல்களை மத்தியானம் வரைக்கும் மேசையில் வைத்திருந்து பார்த்தேன். நன்றாக, சௌக்கியமாக இருந்த செல்கள். அவற்றிலும் புரதங்கள் ஓடின. வெண்ணெய் வெயிலில் இளகுகிற மாதிரி சவ்வும் சூட்டில் இளகும், இளகினால் புரதம் வேகமாக நகரும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். காலையில் இன்னும் சூடேறாத அறையில் உயிரையும், மத்தியானம் கொதிக்கிற அறையில் சாவையும் பார்த்துவிட்டு, நாங்கள் கோடை முழுக்க அளந்தது பாளையங்கோட்டை வெயிலைத்தான்.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அலமாரியைத் திறந்து, நாங்கள் செய்முறையை எடுத்துக்கொண்ட பழைய வெளிநாட்டுக் கட்டுரையைத் தேடி எடுத்தார். அதில் எல்லாம் அறை வெப்பநிலையில் செய்யப்பட்டது என்று இருந்தது. நாங்களும் அதை அப்படியே எழுதி, அப்படியே செய்திருந்தோம். அங்கே அவர்கள் அறை வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சியில் இருக்கும். சார் அங்கே வேலை பார்த்தவர், அந்த அறையில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவர். கட்டுரையை மூடித் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"அவன் ரூமு வேற, நம்ம ரூமு வேறங்கிறது எனக்கு ஒரு நாள்கூடத் தோணலயேம்மா."

செம்புக் குழாய்

மே மாதத்துக்கு அதிக நாள் இல்லை. விட்டுவிடலாம் என்று நான் நினைத்தேன். சார் மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடைக்குப் போய், பழைய செம்புக் குழாய் ஒன்றை வளைத்து வாங்கி வந்தார். நுண்ணோக்கியில் செல்லை வைக்கிற இடத்தைச் சுற்றி அதைப் பொருத்தினோம். உயரத்தில் ஒரு வாளித் தண்ணீர், அதிலிருந்து குழாய் வழியாக ஓடிக் கீழே இன்னொரு வாளி. தண்ணீர் எப்போதும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். கூடினால் ஐஸ், குறைந்தால் வெந்நீர். அந்தப் பொறுப்பு செல்லையாண்ணனுக்கு. ஒரு கையில் தெர்மாமீட்டரும் ஒரு கையில் குவளையுமாக ஸ்டூல் மேல் ஏறி நிற்பார். விளக்கு தீர்ந்தால் தீரட்டும் என்று சார் சிக்கனத்தையும் கைவிட்டார். இனி உயிரும் சாவும் ஒரே நேரத்தில், ஒரே சூட்டில், பக்கத்தில் பக்கத்தில்.

முதல் நாள் சார் உள்ளே வரவில்லை. கறுப்புத் துணிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய செருப்பு தரையில் தேய்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. உயிருள்ள செல்லைப் பார்த்தேன், பிறகு சாகிற செல்லைப் பார்த்தேன். சாகிற செல்லில் புரதம் ஓடவில்லை. ஆனால் உயிருள்ளதைவிடக் கொஞ்சம் முந்தியது. மறுபடி பார்த்தேன், மறுபடியும் கொஞ்சம் முந்தியது. பல நாள் பார்த்தும் அந்தக் கொஞ்சம் மட்டும் கரையாமல் நின்றது. எங்கள் கோடைக்கால வேகத்தில் பெரும்பங்கு வெயிலுக்குப் போய்விட்டது, மிச்சம்தான் எங்களுக்கு. நான் வெளியே வந்து சாரிடம் சொன்னபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சார் கொஞ்சமா, கொஞ்சமாவது இருக்கா என்று மட்டும் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செல்லையாண்ணன் மட்டும் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை, தெர்மாமீட்டரிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"எம்மவனுக்குக் காய்ச்சல் அடிச்சப்பகூட நான் இப்படிப் பாக்கலம்மா. இத ஒரு நாளும் அவன்ட்ட சொல்லிராதீங்க."

வாய்மொழி

மே மாதத்தில், சார் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் வாய்மொழித் தேர்வு நடந்தது. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது விதி. அதை நம்பி நான் காசிம் பாயை அழைத்திருந்தேன். வெள்ளை வேட்டி சட்டையில், அத்தர் மணக்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அதே வரிசையில் அம்மா. இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

தேர்வாளர் குளிர்ந்த ஊரிலிருந்து வந்தவர். கோட்டு போட்டு வந்து, கழற்ற மனமில்லாமல் நனைந்துகொண்டிருந்தார். என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, முதல் கேள்வியாக, இந்த வேகம் செல் சாவதால் வந்ததுதான், சூட்டால் வந்தது இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றார். கோடையில் அளந்ததை வைத்து எழுதிய ஆய்வேட்டோடு நான் அங்கே நின்றிருந்தால் அந்த ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்திருக்கும். செம்புக் குழாய் படத்தைப் போட்டேன், வாளியைக் காட்டினேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். எங்களுக்குக் கிடைத்தது சின்ன வித்தியாசம், ஆனால் அது வெயிலுடையது இல்லை என்றேன். தேர்வாளர் தலையை ஆட்டிக்கொண்டு, நெற்றியைத் துடைத்தபடி, சரி, இங்கே அறை வெப்பநிலை என்றால் எவ்வளவு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் எழுந்துவிட்டார். வழிகாட்டி அங்கே பேசக் கூடாது, ஆனாலும் பேசினார்.

"எந்த மாசத்துலன்னு கேளுங்க சார்."

முடிந்து வெளியே வந்ததும் அம்மா எல்லோருக்கும் வீட்டிலிருந்து கொண்டுவந்த காப்பியை ஊற்றினாள். சாருக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாக. என் கையில் தம்ளரைக் கொடுக்கும்போது, குளித்தாயா என்று அவள் கேட்கவில்லை, அதை நான் கவனித்தேன். அடுத்து காசிம் பாயிடம் போய், எம்பிள்ளை படிப்புக்கு நீங்கதான் காரணம் என்று சொல்லி, பழையது போனதும் வாங்கிய, அதே மாதிரிப் பச்சை நிறப் புது பிளாஸ்க்கைச் சரித்தாள். பாய் தம்ளரை நீட்டப் போனவர் பிளாஸ்க்கைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"தாயி, இது காப்பிதான?"

சாகிற செல்லில் புரதம் கொஞ்சம் வேகமாகத்தான் நகர்கிறது என்பதை நிரூபித்துப் பட்டம் வாங்கினேன், ஆனால் பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் நன்றாக இருக்கிற செல்லிலும் புரதம் அதைவிட வேகமாக ஓடும் என்பதைச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் அதை ஆராய்ச்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.